படத்தின் பின்புறம்

சென்ற மாதம் கொஸ்லந்தையிலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருப்பவர். கொழும்பில் வேலை செய்யும் மாமன் பழைய டிஜிட்டல் கமரா ஒன்றை அவருக்குக் கொடுத்திருக்கிறார். "சேர், போட்டோ புடிக்கப் பழகணும். எங்கேருந்து தொடங்கிறது?" என்று கேட்டார். வேறொரு வேலையில் இருந்தேன். "நிறையப் படம் எடுங்கள், பிறகு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பின்னர்தான் அது ஒரு பதிலே அல்ல என்று உறைத்தது. நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியை, அதே ஊரிலிருந்து வந்து, அதே வயதில் கேட்டவன். அவருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். சற்று நீளும், வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

கொஸ்லந்த எங்கே இருக்கிறது என்று கேட்கும் வெளிநாட்டு வாசகர்களுக்காக ஒரு வரி. ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்தில், பெரகலைச் சந்தியிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் பாதையில் உள்ள சிறு கடைத்தெரு அது. இன்னும் சற்றுக் கீழே போனால் 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி. மேலே அப்புத்தளை, பண்டாரவளை. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். சுற்றுலாப் பயணிகளின் கமராக்கள் ஓயாமல் இயங்கும் பிரதேசம்தான். ஆனால் அங்கே பிறந்தவர்களின் கையில் கமரா எப்போது வந்தது என்று கேட்டால், கதை வேறு.

மலைநாட்டில் ஒளிப்படம் பிடித்தவர்களுள் உலகறிந்த முதற்பெயர் ஒரு பெண்ணுடையது. ஜூலியா மார்கரெட் கமரோன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். அவரது பெயருக்கும் கமராவுக்கும் உள்ள ஒலியொற்றுமை தற்செயலானது. அவரது கணவர் சார்ள்ஸ் ஹே கமரோனை நமது பாடசாலைச் சரித்திரப் புத்தகங்கள் வேறொரு விதத்தில் அறியும். கோல்புறூக்-கமரோன் சீர்திருத்தங்களின் கமரோன் அவர்தான். இலங்கையில் அவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன.

கமரோன் அம்மையார் எனக்குப் பிடித்தமானவராக இருப்பதற்கு முதற்காரணம், அவர் காலந்தாழ்த்தித் தொடங்கிய மாணவி என்பதே. இங்கிலாந்தின் வைட் தீவில் வசித்தபோது, 1863 டிசம்பரில், மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கமராவைப் பரிசளித்தார்கள். அப்போது அவருக்கு 48 வயது. நிலக்கரி போட்டுவைத்த அறை இருட்டறையாயிற்று. கோழிக்கூடு கண்ணாடி வேய்ந்த ஸ்டூடியோவாயிற்று. அவர் பழகியது ஈரத்தகட்டு முறை. கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைச் சீராக ஊற்ற வேண்டும். பின்னர் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்க்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள்ளேயே இருட்டறைக்குள் கொண்டோடி உருத்துலக்க வேண்டும். இவை அனைத்துக்கும் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடங்கள். கை விரல்கள் கறுத்துப் போகும். துணிகள் பாழாகும். 1864 ஜனவரி இறுதியில், ஆனி என்ற சிறுமியின் படம் ஒன்று அவருக்குச் சரியாக வந்தது. அதைத் தமது முதல் வெற்றி என்று பெயரிட்டு எழுதிவைத்தார். ஆனி பில்பொட் என்ற அந்தச் சிறுமியின் பெயர் 160 ஆண்டுகள் கழித்து எனக்கும் உங்களுக்கும் தெரிகிறது.

1875இல் கமரோன் தம்பதியர் இலங்கைக்கு வந்து சேர்ந்தார்கள். கோப்பிப் பயிரில் இலைநோய் பரவிக்கொண்டிருந்த காலம் அது. ஓராண்டுக்குள் தென்னிந்தியாவில் பெரும் பஞ்சம் தொடங்கியது. மன்னார்க் கரையிறங்கி மலையேறி வந்த கூட்டம் பெருகியது. அம்மையார் இங்கும் சில படங்களை எடுத்தார். வெப்பத்தில் ஈரத்தகடு விரைவில் காயும், சுத்தமான நீரும் இரசாயனங்களும் எளிதில் கிடையா. அவர் இலங்கையில் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. களுத்துறையிலிருந்த அவரது வீட்டைச் சுற்றி உழைத்தவர்கள், தோட்டத் தொழிலாளர்கள் சிலர், அவற்றில் நிற்கிறார்கள். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்தார். பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலய முற்றத்தில் கணவரோடு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். இரண்டு முறை அங்கே போயிருக்கிறேன்.

அந்தப் படங்களைப் பற்றி இரண்டு விடயங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று தொழில்நுட்பம். கொலோடியன் தகடு நீல ஒளிக்கும் அதற்கப்பாலான ஊதாக்கடந்த ஒளிக்கும் மட்டுமே கூருணர்வு கொண்டது. சிவப்பையும் மஞ்சளையும் அது ஏறத்தாழக் காண்பதில்லை. மாநிறத் தோல் அதில் உண்மையிலும் பார்க்கக் கருமையாகவே பதியும். நமது பாட்டன் பூட்டன்மாரின் பழைய படங்களைப் பார்த்து "அந்தக் காலத்தில் வெயிலில் இப்படிக் கறுத்துப் போயிருந்தார்கள்" என்று பேசுகிறோம் அல்லவா, அந்தக் கறுப்பில் ஒரு பங்கு தகட்டினுடையது.

மற்றது பெயர். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் டெனிசன் என்றும் ஹேர்ஷல் என்றும் பெயருண்டு. வீட்டுப் பணிப்பெண்ணான மேரி ஹிலியரைக்கூட நாம் பெயரால் அறிவோம். இலங்கைப் படங்களிலோ, "களுத்துறைக் குடியானவர் குழு" என்பது போன்ற தலைப்புகளே இருக்கின்றன. ஆள் நிற்கிறார், கண் நம்மை நேராகப் பார்க்கிறது, யாரென்று தெரியாது. அம்மையாரின் மீது இதற்காகக் கோபம் கொள்ள எனக்கு மனமில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அவருக்குப் பின் வந்தவர்கள் வியாபாரிகள். ஸ்கீன், ஸ்கோவன், 1890இல் தொடங்கிய பிளாட்டே முதலிய ஸ்டூடியோக்கள் கொழும்பிலும் கண்டியிலும் இயங்கின. தேயிலைத் தோட்டமும் கொழுந்து பறிக்கும் பெண்ணும் அவர்களது படங்களாகவும் தபாலட்டைகளாகவும் உலகெங்கும் போயின. "தமிழ்ப் பெண்", "கொழுந்து பறிப்போர்" என்ற அளவில் தலைப்பு முடிந்துவிடும். தேயிலைப் பெட்டிக்குப் பொருத்தமான முகம் தேவைப்பட்டது, அவ்வளவே. தபாலட்டையில் இருந்தவர் அந்தத் தபாலட்டையைக் கண்டிருப்பாரா என்பது எனது நெடுநாள் ஐயம்.

லயனல் வென்ட்டைச் சொல்லாமல் இலங்கை ஒளிப்படக் கலையைப் பேச முடியாது. 1900இல் பிறந்து 1944இல் மறைந்தவர், பியானோக் கலைஞர், சட்டம் படித்தவர். இருட்டறையில் அவர் செய்த சோதனைகள் இன்றும் வியக்கவைப்பவை. அவரது படங்கள் நூலாக வெளிவந்தது அவர் இறந்து ஆறு ஆண்டுகளின் பின், 1950இல். அதற்குள் அவரது நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டிருந்தன. இன்று நம்மிடம் இருப்பவை பிரதிகளே. இத்தனை பெரிய கலைஞனுடைய கதியே அதுவானால், பண்டாரவளைக் கடைத்தெரு ஸ்டூடியோக்களில் இருந்த ஆயிரக்கணக்கான நெகட்டிவ்கள் என்னவாகியிருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நான் அத்தகையதொரு ஸ்டூடியோவில்தான் பழகினேன்.

1987 தொடக்கம் 1990 வரை பெரும்பாலான காலம் நாட்டின் பல்கலைக்கழகங்கள் மூடிக்கிடந்தன. ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலம். உயர்தரத்தில் சித்தியடைந்துவிட்டு வீட்டில் இருந்த என்னை, அப்பா தமக்குத் தெரிந்த ஒருவரின் ஸ்டூடியோவில் கொண்டுபோய் விட்டார். "சும்மா இருக்காம எதையாவது கத்துக்க" என்பது அவரது கட்டளை. ஸ்டூடியோக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்றே அழைத்தார்கள். அவர் எங்கும் படிப்பித்தவர் அல்லர்.

மாஸ்டரிடம் ஒரு யஷிகா இரட்டை லென்ஸ் கமரா இருந்தது. மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். 120 பிலிம் சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள். குனிந்து பார்க்கும் கண்ணாடியில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். வாடிக்கையாளரைச் சற்று வலப்பக்கம் நகரச் சொல்லிவிட்டு அவர் இடப்பக்கம் போவதைக் கண்டு நான் குழம்ப, அவர் என்னைக் கண்டு குழம்புவார். முதல் இரண்டு கிழமைகள் இதிலேயே கழிந்தன.

பிறகு இருட்டறை. மாடிப்படிக்குக் கீழே, ஒருவர் நிற்க முடியும், இருவர் நின்றால் மூச்சுமுட்டும். படப்பெட்டித் தராசு ஒன்றில் மெற்றோல், ஹைட்ரோகுயினோன், சோடியம் சல்பைற்று என்று நிறுத்துக் கரைப்போம். டெவலப்பர் 20 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். மலைநாட்டில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் தண்ணீர் அதற்கு வெகுகீழே போய்விடும். சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் தட்டை வைத்துச் சூடேற்றுவோம். சூடு குறைந்தால் படம் மெலிந்து வெளிறும். கூடினால் கறுத்துப் பரபரப்பாகும். பிரிண்ட் போடும்போது சிவப்பு விளக்கு அனுமதி. பிலிமுக்கு அதுவும் இல்லை, முழு இருட்டு. வெள்ளைக் கடதாசி தட்டில் கிடக்கும். அரை நிமிடத்துக்குள் எங்கிருந்தோ இரண்டு புருவங்கள் வரும், பிறகு கண்கள், பிறகு மூக்கின் நிழல். ஒளி பட்ட வெள்ளி உப்பு டெவலப்பரில் கறுத்த உலோக வெள்ளியாகிறது என்பது அதன் விளக்கம். விளக்கம் தெரிந்த பிறகும் அதிசயம் குறையவில்லை.

ஒளி படாத உப்பை என்ன செய்வது? அதைக் கரைத்தெடுப்பது ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேற்று. இதன் இயல்பை 1819இலேயே கண்டறிந்தவர் ஜோன் ஹேர்ஷல். கமரோன் அம்மையாரின் நண்பர், தமது முதல் ஆசான் என்று அம்மையார் கருதிய அதே வானியலாளர். ஹைப்போவில் போட்ட பிரிண்டை ஓடும் நீரில் நன்றாகக் கழுவ வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் அன்று ஒன்றும் தெரியாது. பத்து, இருபது ஆண்டுகளில் தாளில் தங்கிய ஹைப்போ படத்தை உள்ளிருந்தே மஞ்சளாக்கி அரித்துவிடும். உங்கள் வீட்டு அல்பத்தில் பழுப்பேறிய கலியாணப் படம் இருந்தால், கழுவியவர் அன்று அவசரத்தில் இருந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த நாட்களில் ஸ்டூடியோவுக்கு வந்த கூட்டத்தில் பெரும்பகுதி அடையாள அட்டைப் படத்துக்கானது. இதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பிரித்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மீதி 150,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பங்கிட்டார்கள். இந்தியா செல்வோரைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற ரயிலை மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். 1984இல் கப்பல் நின்றது. இங்கே எஞ்சிய நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 1988இல், 39ஆம் இலக்கச் சட்டமாக வந்தது. எனவே, நான் தராசு பிடிக்கப் பழகிய நாட்களில், வாழ்நாளில் முதன்முறையாகக் கமராவுக்கு முன் உட்கார்ந்தவர்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். வீதிக்கு வீதி சோதனைச்சாவடி. தமிழ்ப் பெயரோடு அடையாள அட்டை இல்லாமல் பஸ்ஸில் ஏறுவது ஆபத்து. அந்தச் சிறிய கறுப்பு வெள்ளைப் படம் அலங்காரத்துக்கானதன்று.

மாஸ்டர் பழைய கதைகள் சொல்வார். அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளிலும் இந்தியா செல்லும் குடும்பங்கள் புறப்படுமுன் ஒரு குடும்பப் படம் எடுப்பார்களாம். கேட்பது எப்போதும் இரண்டு பிரதிகள். ஒன்று போகிறவர்களுக்கு, ஒன்று இருக்கிறவர்களுக்கு. ஒரே வீட்டில் மூத்தவனுக்கு இந்தியா, இளையவனுக்கு இலங்கை என்று வந்த காலம். "ரெண்டு காப்பிக்கும் சேர்த்துக் காசு இல்லாதவங்களுக்கு நான் ஒண்ணு சும்மா போட்டுக் குடுப்பேன்" என்றார். மனைவிக்குத் தெரியாமல் என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்.

இருட்டறையில் நான் செய்த பெரும்பிழை மூன்றாம் மாதத்தில் நடந்தது. முழு இருட்டில் மூன்று தட்டுகள் வரிசையில் இருக்கும். டெவலப்பர், தண்ணீர், ஹைப்போ. அன்று நான் மேசையின் மறுபக்கம் நின்றேன். வரிசை எனக்குத் தலைகீழாயிற்று. பிலிமை முதலில் ஹைப்போவில் இறக்கிவிட்டேன். விளக்கைப் போட்டபோது கையில் தொங்கியது கண்ணாடி போன்ற வெறும் பிளாஸ்டிக். பன்னிரண்டு முகங்களும் கரைந்து போயிருந்தன.

அந்தப் பன்னிரண்டில் ஒருவர் கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஆயா. மறுகிழமை படம் வாங்க வந்தவரிடம் மாஸ்டர் என்னையே சொல்லவைத்தார். நான் தலைகுனிந்து சொன்னேன். ஆயா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சரி விடு தம்பி. இன்னொரு பேரு போச்சு, அவ்வளவுதானே" என்று கதிரையில் போய் உட்கார்ந்தார்.

மலையகத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டும். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை, ஒரு நாள் கூலி. செக்ரோலில் பெயர் விழுந்தால்தான் சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. எனது ஒரு நிமிடக் கவனயீனம் அந்த ஆயாவுக்கு இரண்டாவது நாளாக ஒரு முழுப்பேரைத் தின்றது. இன்றுவரை எந்தத் தட்டில் எதை இறக்குமுன்னும் விரலால் தொட்டு நுகர்ந்து பார்க்கும் பழக்கம் எனக்கு அப்போது வந்தது. ஹைப்போ விரலில் வழவழக்காது, டெவலப்பர் வழவழக்கும்.

அதே நாளில் மாஸ்டர் இன்னொன்றையும் பழக்கினார். "பிரிண்டுக்குப் பின்னால பேரெழுது. பென்சிலால எழுது, பேனா மை முன்பக்கம் ஊறும். தோட்டம், டிவிசன், தேதி எல்லாம் போடு. அட்டையில கிளாக்கர் எழுதின பேர் இல்ல. அவங்கள வீட்டில எப்பிடிக் கூப்பிடுவாங்களோ அதக் கேட்டு எழுது. நாளைக்கு வந்து கேட்டா நூறு மூஞ்சிக்குள்ள எப்பிடித் தேடுவ?" வியாபார வசதிக்காகச் சொன்னதுதான். ஒன்றரை ஆண்டுகள் அப்படியே செய்தேன். பேராதனைக்குப் போனேன், பட்டம் பெற்றேன், பத்திரிகைக்குப் போனேன். செய்தியாளனான பின்னர் அந்தப் பழக்கத்தை மறந்தேன்.

டிஜிட்டல் எங்கள் ஆசிரிய பீடத்துக்கு இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்தது. அதன் வித்து பழையது. 1975இல் கொடாக் நிறுவனத்தின் இளம் பொறியியலாளர் ஸ்டீவ் சாஸன் செய்த முதற்கருவி நூற்றுக்கு நூறு புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 வினாடிகள் எடுத்தது. அந்தக் கருவியைச் செய்த கொடாக் 2012இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது. என்னைப் போன்ற இருட்டறைக்காரர்கள் அந்தச் செய்தியை மரண அறிவித்தல்போல் வாசித்தோம்.

இரண்டையும் பழகியவன் என்ற முறையில் அந்த இளைஞருக்குச் சொல்லக்கூடிய தொழில் விடயங்கள் சில உண்டு. நெகட்டிவ் பிலிமில் நிழற்பகுதியைக் காப்பாற்ற வேண்டும். அங்கே பதியாதது பதியாததுதான், வெளிச்சப்பகுதி கூடினாலும் இருட்டறையில் இறக்கிக்கொள்ளலாம். டிஜிட்டலில் இதற்கு நேர்மாறு. வெளிச்சம் கடந்து வெளிறிப்போன இடத்தில் தரவே இல்லை. நிழலையோ ஓரளவு தூக்கிக்கொள்ளலாம். இருட்டறையிலிருந்து வந்த எனக்கு இந்தத் தலைகீழ் மாற்றம் பிடிபட ஓராண்டாயிற்று. யஷிகாவின் இடவலம்போல் மீண்டும் ஒரு குழப்பம்.

மூடுபனி இன்னொன்று. கமராவின் ஒளிமானி உலகத்தை எப்போதும் நடுத்தரச் சாம்பல் என்றே நம்பும். பூணாகலை மலையில் பனி மூடிய காலையில் அதை நம்பி எடுத்தால் பனி அழுக்குச் சாம்பலாகும், அதற்குள் நிற்கும் மாநிற முகம் கரியாகும். ஒரு படி, ஒன்றரைப் படி ஒளியைக் கூட்ட வேண்டும். வானத்தை முதுகில் வைத்து நிற்கும் கொழுந்துப் பெண்ணை எடுக்கும்போதும் அப்படியே; முகத்துக்கு அருகே போய் அளந்துவிட்டுத் திரும்பி வாருங்கள். வண்ணப் பிலிமின் காலத்தில், ஆய்வுகூடங்கள் வெள்ளைப் பெண்ணின் முகம் கொண்ட அட்டையை வைத்தே நிறத்தைச் சரிபார்த்தன. நமது தோலுக்கான அளவை நாமே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது, கொலோடியன் காலத்திலிருந்தே.

இனி, நான் இதை எழுதுவதற்கான காரணத்துக்கு வருகிறேன்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. உலகெங்கும் வெளிவந்த செய்தி. அதைத் திரும்ப விவரிக்கப் போவதில்லை. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். மண்ணுக்குள் போனோரின் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறி அறிவிக்கப்பட்டது. நானும் டிஜிட்டல் கமராவோடு அங்கே நின்றேன். நானூறுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்திருப்பேன்.

மூன்றாம் நாள், தற்காலிக முகாமொன்றில், முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் என்னை நெருங்கினார். "நான் சின்னப்புள்ளையா இருக்கப்ப பேப்பருக்குன்னு ஒருத்தர் வந்து மலையில எங்கம்மாவப் படம் புடிச்சாரு. நீங்களா ஐயா அது?"

நான்தான். 1996இல் தொழிலாளர் சம்பளம் பற்றிய கட்டுரைக்காகப் போயிருந்தேன்.

"அம்மா செத்து ஆறு வருசமாச்சு. பேப்பர்ல வந்தத வெட்டி சாமிப்படத்துக்குப் பக்கத்தில ஒட்டி வச்சிருந்தோம். அதுவும் லயத்தோட போயிருச்சு. ஒங்ககிட்ட அந்தப் படம் இருக்குமா?"

இருக்கும் என்றேன். அந்த நேரத்தில் வேறென்ன சொல்ல முடியும்?

நான் அப்போது வேலை செய்த பத்திரிகையின் படக் களஞ்சியம் கணினிமயமானபோது பழைய பிரிண்டுகள் கழிவுக் கடதாசியோடு போய்விட்டன. அதிர்ஷ்டவசமாக, நெகட்டிவ்களை நான் என்னிடமே வைத்திருந்தேன்; பிஸ்கட் டின் ஒன்றில், ஈரம் உறிஞ்ச வறுத்த அரிசி முடிச்சோடு. அதுவும் மாஸ்டரின் பாடம். சில சுருள்களில் பூஞ்சை படர்ந்திருந்தது. தேடிய சுருள் தப்பியிருந்தது. உறையின்மீது எனது கையெழுத்தில் இருந்தது இவ்வளவே: 'கொஸ்லந்த, கொழுந்து, 96'.

என்லாஜர் எப்போதோ விற்றாயிற்று. எக்ஸ்ரே பார்க்கும் வெளிச்சப் பெட்டியொன்றை ஒரு டாக்டர் நண்பரிடம் இரவல் வாங்கி, அதன்மேல் நெகட்டிவைப் படியவைத்து, முக்காலியில் டிஜிட்டல் கமராவைக் கவிழ்த்து, கிட்டப்படம் எடுக்கும் லென்ஸால் ஒவ்வொரு சட்டகமாகப் பிரதிசெய்தேன். கணினியில் கறுப்பை வெள்ளையாக்கும் கோட்டை இழுத்தபோது, தட்டில் புருவங்கள் எழுந்ததைப் போலவே திரையில் முகங்கள் எழுந்தன. முப்பத்தாறு சட்டகங்கள். பத்தொன்பது முகங்கள். ஒன்றுக்கும் பெயர் தெரியாது. அன்றைய குறிப்புப் புத்தகம் எங்கே போனதென்று தெரியாது. அச்சான கட்டுரையின் கத்தரிப்பு என்னிடம் இருந்தது. படத்தின்கீழ் நானே எழுதிய தலைப்பு: 'கொழுந்து பறிக்கும் பெண்கள்'. பிளாட்டே கம்பனியின் தபாலட்டைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று அன்றிரவு யோசித்தேன். கமரோன் அம்மையாரை நான் குறை சொல்லத் துணியாததன் காரணம் இதுவே. அவர் அந்நியர். நான் அதே ஊர்க்காரன், பேரெழுதப் பழக்கப்பட்டவன்.

டிசம்பரில் எல்லா முகங்களையும் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மக்களில் ஒரு பகுதியினர் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். கொழுந்து வாட்டும் நீண்ட மேசைகள் இருந்திருக்க வேண்டிய தளத்தில் சேலைகளைத் திரையாகக் கட்டிக் குடும்பங்கள் இருந்தன. அந்தப் பெண் தாயின் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அழவில்லை. "அம்மா சிரிச்சுக்கிட்டு இருக்கு" என்று மட்டும் சொன்னார். பேப்பரில் வந்தது வேறு சட்டகம். இதை அவர் முன்பு கண்டதில்லை.

பிறகு பெரியவர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் படத்தைக் கையில் வைத்து ஒரு பெயர் சொல்வார். மற்றவர் மறுப்பார், அது அவளல்ல, அவளுடைய தங்கச்சி என்பார். பட்டப்பெயர் வரும், அதைக் கேட்டுச் சிரிப்பு வரும். யார் எங்கே கட்டிக்கொடுக்கப்பட்டார், யார் கொழும்பில் வீட்டுவேலைக்குப் போனார், யார் அந்தக் காலையில் லயத்தில் இருந்தார் என்பதும் வந்தது. அப்போது சிரிப்பு நின்றது. நான் பென்சிலால் ஒவ்வொன்றின் பின்புறத்திலும் எழுதிக்கொண்டிருந்தேன், வீட்டில் கூப்பிட்ட பெயரை முதலில், பதிவுப் பெயரை அடுத்து. மாலைக்குள் பதினாறு பெயர்கள் சேர்ந்தன. 2016இல் மாகல்தெனியவில் புதிய வீடுகள் கையளிக்கப்பட்ட பிறகு ஒருமுறை போனேன். சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இந்த முறை கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

இளைஞரே, இப்போது உங்களுக்கு. கமரா படமெடுத்த நேரத்தை, துளையளவை, வேகத்தை எல்லாம் கோப்புக்குள் தானாகவே எழுதிவிடும். அதே கோப்பில் தலைப்பு எழுத ஓர் இடமும் உண்டு. அதைக் கமரா நிரப்பாது. அன்றன்றே தமிழில் எழுதுங்கள். எதிரே நிற்பவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். கோப்பை இரண்டு இடங்களில் வையுங்கள், ஒன்று கட்டாயம் வேறு ஊரில். நல்லதாக வந்தவற்றைப் பிரிண்ட் போட்டு, எடுக்கப்பட்டவருக்கு ஒன்று கொடுங்கள். ஒளிமானி, துளையளவு பற்றியெல்லாம் அடுத்த தடவை நேரில் பேசுவோம். நான் தைப்பொங்கலுக்கு அந்தப் பக்கம் வருவேன்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மூன்று முகங்களுக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை. ஒருவர் ஐம்பது வயதளவில், இடது புருவத்தில் தழும்பு உள்ளவர். மற்ற இருவரும் இளம்பெண்கள், ஒரே கூடைக்கு இருபுறமும் நிற்பவர்கள். கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கூடலூருக்கோ கோத்தகிரிக்கோ போய்க் குடியேறியவர்களின் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அவர்களை அடையாளம் காணக்கூடும். எனக்கு எழுதுங்கள். படங்களை அனுப்பிவைக்கிறேன்.